இளையவளை விடுதியில் சேர்ப்பது தொடர்பாக

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கையும் இளையவளும் சுகம். அங்கும் அவ்வாறே இருக்க துஆ செய்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, கீழே உள்ளதைப் படித்தால் அப்படித் தோன்றாது. சொல்ல வந்ததை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். நில அளவைத் துறையில் காலம் தள்ளியவனுக்கு எல்லைக்கல் நடாமல் உள்ளே நுழைய வராது.

1. இளையவள் ஆடுகிறாள்.
2. தொழுகையில் கோணலாக நிற்கிறாள்.
3. என்னிடம் எதையோ மறைக்கிறாள்.
4. ஆகவே அவளை உங்கள் ஊரில் நீங்கள் நடத்தும் பெண்கள் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும்.

முதலாவது. நீங்கள் அன்போடு வாங்கித் தந்த கைபேசியை (இதைக் குறையாகச் சொல்லவில்லை) உள்ளங்கையில் தட்டுபோல் ஏந்திக்கொண்டு, கையை நீட்டியபடி கூடத்தில் மெதுவாகச் சுற்றுகிறாள், நிற்கிறாள், பீரோ வரைக்கும் போகிறாள், திரும்பி ஜன்னலுக்கு வருகிறாள், மறுபடியும் சுற்றுகிறாள். பாட்டுச் சத்தம் இல்லை. காதில் மாட்டிக் கேட்கிறாளோ என்று எட்டிப் பார்த்தேன், காதிலும் ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் பாட்டே இல்லாமல் ஆடும் வழக்கம் வந்துவிட்டதோ என்னவோ, எனக்கு யார் சொல்வார்கள்? துணிந்து "என்னம்மா பண்றே?" என்று கேட்டேன். "சும்மா வாப்பா" என்றாள். சும்மா என்ற சொல்லை ஆயுள் முழுக்கக் கேட்டு வருகிறேன், அதற்குள் ஒன்றுமில்லாமல் இருந்ததே இல்லை.

இரண்டாவது. நான் முன்னால் நின்று தொழவைக்க, இவர்கள் இருவரும் பின்னால் நிற்பது வழக்கம். தொழுகையில் கண் அலையக் கூடாதுதான், ஆனால் பீரோவின் கண்ணாடி பக்கத்திலேயே இருக்கிறது. அதில் பார்த்தால் உங்கள் தங்கை நேராக நிற்கிறாள், இவள் மட்டும் ஒருபக்கமாகத் திரும்பி, கைபேசியில் வரும் பெண்கள் படத்துக்கு நிற்பார்களே, அந்த மாதிரி. பாயை நேராக்கிப் போட்டேன். அடுத்த வேளை மறுபடியும் கோணல்.

மூன்றாவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நேற்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் யாரிடமோ கைபேசியில் கிசுகிசுக்கிறாள்: "வாப்பாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க. ஆனா எத்தனை நாளைக்குத்தான் மறைக்கிறது?" நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்துவிட்டேன். மச்சான், எனக்குப் பாட்டு மேலோ உடுப்பு மேலோ அவ்வளவு பயம் இல்லை. இந்த வீட்டுக்குள்ளேயே நான் போக முடியாத வேறொரு வீட்டில் அவள் குடியிருக்கிறாளோ என்பதுதான் பயம். மூத்தவர்கள் மூவரையும் எப்படியோ வளர்த்துவிட்டேன். இவள் பிறந்தபோதே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஒருவேளை எனக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லையோ?

நான்காவது. "போன் புகுந்த வீட்டுல பிள்ளை நம்ம பிள்ளை இல்ல மாப்ள, எங்க விடுதிக்கு அனுப்புங்க" என்று போன தடவையே சொன்னீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் இடத்தை உறுதி செய்துவிடுங்கள். பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னை எதிர்த்துப் பேச உங்கள் தங்கை மட்டும்தான், அது எனக்குப் பழகிப்போய்விட்டது.

அல்லாஹ் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. எனக்காகவும் துஆ செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையில் போடுமுன் தேநீர் கொண்டுவந்த உங்கள் தங்கை, என் தோளுக்கு மேலாக முதல் குறிப்பைப் படித்துவிட்டாள். "ஆட்டமா? ஏய், இங்க வாடி! நீ ஆடறேன்னு மாமாவுக்கு எழுதறாரு உங்க வாப்பா!" இளையவள் வந்தாள். கடிதத்தைப் பார்த்தாள், துடைத்து வைத்த பெட்டியைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கைபேசியை என் முன்னால் தரையில் வைத்தாள்.

"போன் திசைகாட்டியில கிப்லா பார்த்தேன் வாப்பா, எந்தப் பக்கம் பார்த்துத் தொழணும்னு. மொட்டை மாடியிலயும் ஜன்னல்கிட்டயும் ஒரே திசை காட்டுது. பீரோகிட்ட வச்சா மட்டும் திரும்பிக்குது. நீங்க பாய் போடற கோடு பீரோ சொல்ற கோடு."

நான் என் பழைய திசைகாட்டியை எடுத்து வந்து பீரோவின் பக்கத்தில் வைத்தேன். முள் திரும்பிப் பீரோவைப் பார்த்தது. இரும்புக்குப் பக்கத்தில் திசை எடுக்காதே என்பது எங்கள் துறையில் முதல் நாள் பாடம், மச்சான். அந்தப் பாடத்தை நானே புதியவர்களுக்கு நடத்தியிருக்கிறேன்.

"ஏம்மா சொல்லல?"

"உங்ககிட்ட எப்படி வாப்பா சொல்றது? திசை உங்க தொழிலாச்சே. எங்களுக்கு ஓதிக்கொடுக்கற ஆலிமாகிட்டதான் போன்ல கேட்டேன். தெரியாம திசை மாறித் தொழுததை அல்லாஹ் ஏத்துப்பான், ஆனா வாப்பாகிட்ட பக்குவமா சொல்லுன்னாங்க. பக்குவம்தான் வரல."

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அப்படியே அனுப்புங்க, மாமா சிரிக்கட்டும்" என்று பிடுங்கிக்கொண்டாள். பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விட்டது.

இன்னொன்று. உங்கள் விடுதியின் தொழுகைக் கூடத்துக்கு வரிசைக் கோடு போட்டுத் தந்தவனும் நான்தான். அன்று திசைகாட்டியை வைக்க, "இங்க வைங்க மாப்ள, ஆடாது" என்று நீங்கள் இழுத்துப் போட்ட மேசை இரும்பு மேசை. வெள்ளிக்கிழமை இளையவளோடு வருகிறேன். சேர்ப்பதற்கு அல்ல. மேசையை வெளியே எடுத்து வையுங்கள், அவள் கைபேசியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாலையே என்னோடு திரும்பிவிடுவாள். பார்ப்பவர்கள் ஆடுகிறாள் என்று நினைத்தால் நீங்கள்தான் விளக்க வேண்டும்.

ஆகவே மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. கோணலாக நின்றது அவள் இல்லை.