கப்பல் வரும் சத்தம்

“அண்ணை, உங்கட கார் பெற்றோலிலை ஓடேல்லை. எண்ணெயிலைதான் ஓடுது,” என்றான் டெனிஸ்டன், பொனட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

தவராசா பின்பக்கம் போய்ப் பார்த்தார். காரின் பின்னாலிருந்து எழுந்த நீலப் புகை கராஜை நிறைத்து, தெருவுக்கும் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜெர்மன்காரர் யன்னலைச் சாத்திவிட்டு, சாத்தியது தெரியவேண்டும் என்பதற்காக இன்னொரு தடவை திறந்து சாத்தினார்.

நாற்பத்தைந்து வயதான அமெரிக்கக் கார் அது. எட்டுச் சிலிண்டர். மூக்கு ஒரு தெருவில் திரும்பினால் வால் முந்தின தெருவில் நிற்கும். கொலோன் தமிழர்கள் அதைக் ‘கப்பல்’ என்பார்கள். நகரத்து மணப்பெண்களில் பாதிப்பேர் அதில் ஏறித்தான் மண்டபத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் இப்படிப்பட்ட காரை மூடி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியில் எடுப்பார்கள். தவராசா பேக்கரி வேலைக்கும் மரக்கறிக் கடைக்கும், மழையானாலும் பனியானாலும், அதைத்தான் ஓட்டினார்.

“மூண்டு வழி இருக்கு,” என்று கையைத் துடைத்தான் டெனிஸ்டன். “ஒண்டு, காரைப் பழைய இரும்புக்குக் குடுக்கிறது. ரெண்டு, வேற என்ஜின் தேடிப் போடுறது. மூண்டு, இதையே கழட்டித் திருத்துறது.”

“மூண்டாவது.”

“நான் இன்னும் விலை சொல்லேல்லை அண்ணை.”

“மூண்டாவது எண்டு சொல்லிப்போட்டன் தம்பி.”

காரணம் டெனிஸ்டனுக்குத் தெரியும். தமிழ்க் கடையில் சாமான் வாங்குகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

தவராசாவின் மனைவி கலாதேவி இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தார். வலப்பக்கம் முழுதும் போனது, பேச்சும் போனது. ரைன் ஆற்றின் மறுகரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். வேலை முடிந்ததும் தவராசா நேரே அங்கே போவார். வேலை முடியும் நேரம்தான் நாளுக்கு நாள் மாறும்.

போன இலையுதிர் காலத்தில் இல்லத்தின் தலைமைத் தாதி அவரை மறித்து ஒரு செய்தி சொன்னாள். கார் பாலத்தைவிட்டு இறங்கும் சத்தம் கேட்டவுடனேயே கலாதேவியின் இடது கை மேலே எழும்புகிறதாம். ஒவ்வொரு நாளும். வேறு எந்தச் சத்தத்துக்கும் எழும்புவதில்லையாம். டாக்டரும் கேட்டுவிட்டு, “நல்ல அறிகுறி. அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்,” என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தவராசா ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே போனார். இருபத்துமூன்று வருடமாக, “ஊரையே எழுப்பிக்கொண்டு வாறியள், வெக்கமாக் கிடக்கு,” என்று அந்தக் காரைத் திட்டித் தீர்த்தவர் கலாதேவி. கடைசியில் அவருக்கும் அது பிடித்துவிட்டது. அதைச் சொல்ல வாய்தான் இல்லை.

ஆகவே கார் சாகக்கூடாது. அதே நேரம் கையிலும் அதிகமில்லை. தவராசா தமிழ்க் கடைக் கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் திட்டம் போட்டார். எங்கேயோ வாசித்ததை நம்பி, ஓட்டப்பந்தயக் கார்களுக்குப் போடும் கேம் தண்டு ஒன்றையும் அதில் எழுதியிருந்தார்.

டெனிஸ்டன் அதை வெட்டினான். “அண்ணை, நீங்கள் ரேசுக்குப் போறேல்லை, வேலைக்குப் போறியள். குளிருக்கை திறப்பை ஒருக்காத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகவேணும். சிக்னல்லை ஆடாமல் நிக்கவேணும். பழைய என்ஜின் கட்டையையே வைச்சிருப்பம். கிராங்க் நல்லா இருக்கு. புது ரிங், புது பேரிங், வால்வுக்கு ரப்பர், கேஸ்கட். அவ்வளவும் போதும். ஆனா சைலன்சரிலை நாலு ஓட்டை. அதை மாத்தாட்டி கார்ப் பரிசோதனையிலை பாஸ் பண்ண ஏலாது.”

“மாத்து. எத்தினை நாள்?”

“ரெண்டு கிழமை.”

அது ஐந்து வாரமானது. தவராசா காசை மிச்சம் பிடிக்க இணையத்தில் வாங்கிய கேஸ்கட் வேறு வருடத்து என்ஜினுக்குரியது. திருப்பி அனுப்பி வாங்கியது வேறு நாட்டு என்ஜினுக்குரியது. அதுவரை அவர் டிராமிலும் பஸ்ஸிலும் இல்லத்துக்குப் போனார்.

முதல் நாளே விபரீதம் தெரிந்தது. அவர் கதவைத் திறந்ததும் கலாதேவி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். ஒரு மணி நேரமும் திரும்பவே இல்லை.

‘கார் வரேல்லை எண்டு கோவம்,’ என்று தவராசா விளங்கிக்கொண்டார்.

சமாதானம் செய்ய, அடுத்த நாள் பழைய பிஸ்டன் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனார். “இஞ்சேரும், இதைப் பாரும். எங்கட கப்பலின்ர பிஸ்டன். எட்டிலை இது மூண்டாவது. கழுவிப் பூட்டினா இன்னும் இருவது வருசம் ஓடுமாம்.”

கலாதேவியின் முதுகு அசையவில்லை. பிஸ்டனிலிருந்து வடிந்த கறுப்பு எண்ணெய்தான் வெள்ளை விரிப்பில் மெதுவாகப் பரவியது. விரிப்பு மாற்ற வந்தவள், கலாதேவியின் அறையோடு பக்கத்து அறைகளையும் சேர்த்துப் பார்க்கும் தமிழ்ப் பராமரிப்பாளர் குணேஸ்வரி. தவராசாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கலாதேவி சுவரைப் பார்த்தபடியே விரலை உயர்த்தி ஆட்டினார். குணேஸ்வரி விரிப்போடு போய்விட்டாள்.

மூன்றாம் வாரம் பூக்கள். நான்காம் வாரம், சந்தோசப்படட்டும் என்று லீவு போட்டுவிட்டுச் சொல்லாமல் மத்தியானமே போய் நின்றார். அன்று கலாதேவி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். போர்வைக்குள் அவர் அழுகிற சத்தம் கேட்டது. தவராசா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடக் கலியாணத்தில், எதற்கு அழுகிறார் என்று தெரியாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஒருவழியாகக் கார் வந்தது. டெனிஸ்டன் திறப்பைத் திருப்பிவிட்டுப் பெருமையாகச் சிரித்தான்.

“ஸ்டார்ட் பண்ணு,” என்றார் தவராசா.

“ஓடிக்கொண்டுதான் இருக்கு அண்ணை.”

புகை இல்லை. நடுக்கம் இல்லை. எட்டுச் சிலிண்டரும் பூனைமாதிரி முனகின. பரிசோதனைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த வயதுக் காரில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று கைகுலுக்கினார்.

தவராசா பாலத்தால் இறங்கி, வழக்கம்போலக் கப்பலுக்கு இடம் தேடிப் பத்து நிமிடம் சுற்றி, மேலே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கலாதேவி திடுக்கிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

அடுத்த நாள் தவராசா கராஜில் நின்றார். “தம்பி, சைலன்சரிலை ஓட்டை போடு. முந்தி இருந்தமாதிரி. நாலு.”

“அண்ணை, ஐஞ்சு கிழமை சத்தத்தை நிப்பாட்ட வேலை செய்தனான். இப்ப சத்தம் வாறதுக்கும் வேலை செய்யட்டோ? பொலிஸ் பிடிச்சா கார் அவங்களுக்கு. நான் மாட்டன்.”

வேறு வழியில்லை. தவராசா அம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் காரை நிறுத்தி, கலாதேவியின் யன்னலுக்குக் கீழே ஒரு நிமிடம் ஹோர்ன் அடித்தார். இருபது யன்னல்கள் திறந்தன. அவருடைய மனைவியின் யன்னலில் இடது கை எழும்பியது கண்ணாடியூடாகத் தெரிந்தது! அவர் படிகளில் இரண்டு இரண்டாகப் பாய்ந்து, ஒரே மூச்சில் அறைக்குள் போனார்.

கலாதேவி முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். உயர்ந்த கைக்காக ஓடிவந்த குணேஸ்வரி வாசலில் அவரோடு மோதுப்பட்டு நின்றாள்.

ஹோர்ன் அடித்ததற்கு ஒரு கடிதம் வந்தது, இல்லத்தின் பொறுப்பாளரிடமிருந்து. மன்னிப்புக் கேட்கப் போன தவராசா, போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கலாதேவியின் தலை கலைந்து கிடப்பதும், உடுப்பில் சாப்பாடு ஒட்டியிருப்பதும் இந்த ஐந்தாறு வாரமாக அவர் கண்ணில் பட்டிருந்தது. முந்தி அப்படி ஒருநாளும் கண்டதில்லை. பராமரிப்பு கெட்டுப்போய்விட்டது, அதனால்தான் மனைவி மனமுடைந்து போயிருக்கிறாள் என்று எழுதியே கொடுத்தார். பொறுப்பாளர் வருத்தம் தெரிவித்து, அந்த அறையைப் பார்க்கிறவளை உடனே வேறு மாடிக்கு மாற்றினார்.

அதற்குப் பிறகு கலாதேவி சாப்பிடவும் மறுத்தார்.

தவராசா தோற்றுப்போனார். சனிக்கிழமை அவர் டெனிஸ்டனுக்குப் போன் எடுத்து, காரை விற்றுவிடச் சொன்னார். “அவவுக்கு என்னையே பிடிக்கேல்லை தம்பி. இனிக் கார் என்னத்துக்கு?” என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு கடைசியாக ஒருமுறை கப்பலில் இல்லத்துக்குப் போனார்.

மேலே போக மனமில்லாமல் லிஃப்ட் வாசலில் நின்றபோது, அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு குணேஸ்வரி வந்தாள். தவராசா தலையைக் குனிந்துகொண்டார்.

“தங்கச்சி, உம்மை மாத்துவினம் எண்டு எனக்குத் தெரியாது. அவ என்ர முகத்தைப் பாக்கிறாவே இல்லை. கார்ச் சத்தத்துக்கு மட்டும் கை தூக்கின மனிசி. அதையும் நானே நிப்பாட்டிப்போட்டன்.”

குணேஸ்வரி வண்டியை விட்டாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

“சொல்லக்கூடாதெண்டு அக்கா விரலை ஆட்டிக் காட்டினவ, நானும் தலையாட்டிப்போட்டன். எண்டாலும் இனிச் சொல்லாமல் இருக்க ஏலாது அண்ணை.”

“என்ன?”

“அவ கை தூக்கினது காருக்கில்லை, எனக்கு; நீங்கள் இடம் பிடிச்சு மேலை வாறதுக்குள்ளை வாயைத் துடைச்சு, தலை இழுத்து, பொட்டும் வைச்சுவிடச் சொல்லிக் கூப்பிடுறவ, இப்ப நீங்கள் சத்தமில்லாமல் வந்து நிண்டா மனிசி எப்பிடி வெளிக்கிடுறது?”