பெட்ரோல் காசைத் தனியாகக் கேட்பதா, சேர்த்துக் கேட்பதா?

கொழிஞ்சாம்பாறை,
புரட்டாசி 14, செவ்வாய்க்கிழமை.

உடுமலைப்பேட்டையில் வசிக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி பெரியமுத்து அவர்களின் சமூகத்திற்கு, கொழிஞ்சாம்பாறை நஞ்சப்பன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், வள்ளியாத்தாளும், தங்கள் மருமகன் நவீன்குமாரும், தங்கள் புதல்வி யோகப்பிரியாவும் நலம். அங்கு தாங்களும், தங்கள் இல்லத்தாரும், புதிதாகக் கன்று போட்ட மாடும் நலமாக இருப்பதை அறிய ஆவல். போனில் பேசலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் தங்கள் புதல்வியின் காதில் விழும். ஆகவே இக்கடிதம்.

தாங்கள் அறிந்தபடி, மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, புல் வெட்டும் மெஷின் இரண்டும் ஒரு பெட்டி ஆட்டோவும் வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புகளில் புல் வெட்டிக் கொடுத்து வருகிறேன். மெஷினும் பெட்ரோலில் ஓடுகிறது, ஆட்டோவும் பெட்ரோலில் ஓடுகிறது, நான் மட்டும்தான் கஞ்சியில் ஓடுகிறேன். மூன்று வருடமாகப் பெட்ரோல் ஏறியது, என் கூலி ஏறவில்லை. இந்த மாதம் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். தோப்புக்காரர் முகத்தைப் பார்த்ததும் "தேங்கா வெலை எப்படிங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். வள்ளியாத்தாள் "ஏனுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்பாள். அப்படியாகக் காலம் நிம்மதியாகவே போய்க்கொண்டிருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள் யோகப்பிரியா என் சட்டைப்பையில் கிடந்த பம்பு ரசீதுகளை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினாள். சித்த நேரம் போனில் என்னவோ தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க கையில இருந்து காசு போட்டு ஊரான் தோப்புல புல்லு வெட்டிக் குடுத்துக்கிட்டு இருக்கறீங்க" என்றாள். பி.காம். படித்த பெண். தாங்கள்தான் படிக்க வைத்தீர்கள், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மறுநாளே ஒரு அட்டை அச்சடித்துக் கொண்டுவந்தாள். கூலி பழைய கூலியேதான், பெட்ரோல் கூடுதல் மட்டும் தனி. திங்கட்கிழமை பம்பில் என்ன விலையோ அதை வைத்து அந்த வாரத்துக்கு. "ஏறினா ஏறும், எறங்கினா எறங்கும். யாருக்கும் மனத்தாங்கல் வராது மாமா" என்றாள். அங்கதானுங்க சம்மந்தி ஆரம்பிச்சுது.

மொதல்ல அட்டையக் கொண்டுபோய்க் குடுத்தது ஜோஸ் சேட்டனுக்கு. ஆத்தோரம் ஏழு ஏக்கரா தோப்பு வெச்சிருக்கற மலையாளத்துக்காரரு. அட்டைய முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துப்போட்டு, "நஞ்சப்பா, தமிழ்நாட்டுல பெட்ரோல் அஞ்சாறு ரூபா கொறவல்லே? பார்டர் இவிடத்தன்னே. அவிடப் போயி அடிச்சா இந்தச் சார்ஜே வேண்டல்லோ"ன்னாரு. நாங்க இருக்கறது கேரளா, எல்லை தாண்டினாத் தமிழ்நாடு, அதனால எனக்கும் அது நாயமாத்தான் பட்டுது. மறுநாள் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைத் தூக்கி வண்டியில வெச்சேன். அக்கட்ட போறதுக்குப் பெட்ரோல் வேணுமேன்னு நம்மூருப் பம்புலயே டேங்கு நெறைய அடிச்சுக்கிட்டுப் போனேனுங்க. அதுல என்ன தப்புன்னு அப்ப எனக்குத் தெரியல. எல்லை தாண்டிப் போனா, பிளாஸ்டிக் கேன்ல ஊத்த மாட்டோம்னு சொல்லிப்போட்டாங்க. வண்டிக்கு அடிச்சுக்குங்கன்னாங்க. வண்டி டேங்குல எடம் இல்ல. போக வர இருவத்தஞ்சு கிலோமீட்டரு. வெறுங்கேனோட வந்து எறங்கினதும் யோகப்பிரியா நம்மூருப் பம்பு ரசீதை வாங்கி மத்த ரசீதுகளோட சேத்து வெச்சுப்போட்டா.

அடுத்தது பூபதிராஜா. வில்லேஜ் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆன தோப்புக்காரரு. அவரு அட்டையப் பாத்ததும் வெகு சந்தோசப்பட்டாரு. "இதுதான் சரியான முறை"ன்னு கையெல்லாம் குடுத்தாரு. சனிக்கெழம ஆரம்பிச்ச வேலை திங்கக்கெழமதான் முடிஞ்சுது. அந்தத் திங்கக்கெழம பாத்துப் பெட்ரோல் ரெண்டு ரூபா எறங்கிப்போச்சு. சாயங்காலம் போன் வருது. "நஞ்சப்பன், பாதி வேலை பழைய விலை, பாதி வேலை புது விலை. பதினோரு ரூபா எனக்குத் திரும்ப வரணும்." நாயந்தானுங்களே, எறங்கினா எறங்கும்னு அட்டையிலயே போட்டிருக்குது. வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிப் பதினோரு ரூபாயும் எண்ணிக் குடுத்தேன். ரசீது எழுதிக் குடுத்தாரு, டீ குடுத்தாரு. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பறப்ப, "இதுக்குன்னு இத்தன தூரம் வரணுமா? அடுத்த தடவ கழிச்சிருக்கலாமே. பெட்ரோல் விக்கற வெலைக்கு"ங்கறாரு.

இதையெல்லாம் கேள்விப்பட்டு, இன்னொரு தோப்புக்காரங்க சோனா டீச்சரு, "அண்ணா, எனக்கு இந்தக் கணக்கே வேண்டாம். பெட்ரோல் நான் வாங்கி வெச்சிடறேன், நீங்க மெஷினை மட்டும் கொண்டாந்து வெட்டுங்க"ன்னாங்க. அடடா, இதுவல்லவோ வழின்னு நெனச்சேன். போனா, கேன் தயாரா இருக்குது. "எல்லாம் ரெடிங்க அண்ணா"ன்னாங்க. நம்ம மெஷினுக்குப் பெட்ரோல்ல ஆயில் கலந்துதான் ஊத்தோணும், வெறும் பெட்ரோல் ஊத்தினா உள்ள புடிச்சுக்கும். எல்லாம் ரெடின்னதும் ஆயிலும் கலந்துதான் வெச்சிருக்கறாங்கன்னு நான் நெனச்சுக்கிட்டேன். ஆயிலு என்ற வேலைன்னு அவங்க நெனச்சுக்கிட்டாங்க. கால் மணி நேரம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்பறம் கீச்சுன்னு ஒரு சத்தம், நின்னுபோச்சு. கயித்த இழுத்தா இழுக்க வரல. டீச்சரு கண்ணுல தண்ணி. "என்னாலதானே அண்ணா"ங்கறாங்க. "இல்லீங்க, பழைய மெஷினு, அதுக்கு வயசாயிருச்சு"ன்னு சொல்லிச் சமாதானம் பண்ணி, வெட்டின அரைத் தோப்புக்கும் கூலி வேண்டாம்னு வந்துட்டேன். அது போன வருசம் வாங்கின மெஷினுங்க சம்மந்தி. மெக்கானிக் சொன்ன தொகையக் கேட்டுட்டு வள்ளியாத்தா அன்னிக்குக் கொழம்புல உப்பே போடல. நானும் அப்படியே சாப்பிட்டு எந்திரிச்சேன்.

இப்பப் பாருங்க, புல்லு ஆளு ஒசரம் வளந்து நிக்கற மாசம், கையில ஒரே மெஷினு. இந்த நெலமையிலதான் ஜோபி கூப்புட்டு அனுப்பறாரு. முப்பது ஏக்கரா தோப்புக்கு மேனேஜரு. வருசத்துல என்ற வருமானத்துல பாதி அந்தத் தோப்புதான். புல்லு வெட்டற வேற ஆளுங்க வந்து இந்த வேலையக் கேட்டிருக்கறாங்களாம், உங்க ரேட்டச் சொல்லுங்கன்னாரு. அது கையை விட்டுப் போச்சுன்னா மெஷினை ரிப்பேரு பண்ணியும் பிரயோசனமில்ல. நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் யோகப்பிரியா வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டா.

ஜோபி போன் பேசிக்கிட்டு இருந்தாரு. பேசுங்கன்னு கையக் காட்டின மாதிரி இருந்துச்சு. யோகப்பிரியா சொல்லிக் குடுத்த ரேட்டச் சொன்னேன். அவரு முகத்தச் சுளிச்சாரு. உடனே அம்பது ரூபா கொறச்சேன். தலைய இப்படியும் அப்படியும் ஆட்டினாரு. இன்னொரு அம்பது கொறச்சேன். ரெண்டு வெரலக் காட்டினாரு. சரிங்க, எரநூறு கொறச்சுக்கலாமுங்கன்னுட்டேன். அவரு போனைப் பொத்திக்கிட்டு, "நஞ்சப்பன் சேட்டா, ஒரு மினிட். லாரிக்காரங்கிட்டச் சம்சாரிக்கறேன்"னாரு. அது வரைக்கும் அவரு லாரிக்காரங்கிட்டத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு, என்ற பக்கமே பாக்கலீங்க.

"மாமா, நீங்க வண்டியில உக்காருங்க"ன்னு சொல்லிப்போட்டு யோகப்பிரியா உள்ள போனா. பத்து நிமிசத்துல வெளிய வந்தா. நான் மொதல்ல சொன்னதுக்கும் மேல ஒரு ரேட்டு, ஜோபி கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கறாரு. என்ன அம்முணி சொன்னேன்னு கேட்டேன்.

"பெட்ரோலு, ஆயிலு, பிளேடு, போக்குவரத்து எல்லாம் இதுக்குள்ளன்னு சொன்னேன் மாமா. மூணு மாசத்துக்கு ஏறினாலும் எறங்கினாலும் இதே ரேட்டுன்னு சொன்னேன். அவரு மொதலாளிகிட்ட ஒரே ஒரு தொகை சொன்னாப் போதும்."

"அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"சித்த நேரம் சும்மா இருந்தாரு. நானும் சும்மா இருந்தேன். நீங்க வெலையச் சொல்லிப்போட்டு ஒடனே மன்னிப்புக் கேக்கறீங்க மாமா."

இதுதானுங்க எனக்கு விளங்க மாட்டேங்குது. ரெண்டு மாசமா, பெட்ரோல் காசு தனி, பெட்ரோல் காசு தனின்னு ஊரெல்லாம் சொல்லி, இப்பத்தான் எனக்கே அது மனப்பாடம் ஆச்சு. இப்ப அவளே, "அது சரிப்படல மாமா, தப்பு என்னுதுதான், ஒட்டுக்காச் சேத்தே கேக்கலாம்"ங்கறா. இனிமேல் மேக்கால தோப்பெல்லாம் ஒரு நாளு, கெழக்கால தோப்பெல்லாம் ஒரு நாளுன்னு போகோணுமாம். பதினோரு ரூபாய்க்கு வண்டி எடுக்கக் கூடாதாம். சொந்தக்காரங்களுக்கும் அதே ரேட்டாம். மூணு மாசத்துக்குள்ள பெட்ரோல் இன்னும் ஏறினா என்ன பண்றதுன்னு கேட்டா, "அதுக்கும் சேத்துத்தான் மாமா போட்டிருக்கேன்"ங்கறா. இன்னும் ஏறாத வெலைய அதுக்குள்ள எப்படிங்க சேக்கறது?

ஆகவே சம்பந்தி அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை தவறாது இங்கு எழுந்தருளி, தங்கள் புதல்வியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, தனியோ சேர்த்தோ இரண்டும் வேண்டாம், பழைய கூலியே போதும், கிழவன் நிம்மதியாக நட்டப்பட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டியது. தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பும் விசாரிப்பும். மாரியம்மன் துணையால் மழையும் மாடும் மக்களும் செழிக்க.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
நஞ்சப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டினதுக்கு அப்பறம் எழுதறதால, இதக் கவருக்கு மேலயே எழுதறேனுங்க. பெட்டி ஆட்டோ தோப்புல நிக்குதுன்னு நம்மூரு வினோவோட வாடகை ஆட்டோவுல போஸ்ட் ஆபீசுக்கு வந்தேன். எறங்கறப்ப அம்பது கேட்டான். "எப்பவும் நாப்பதுதானே? ஒரே நாள்ல ரோடு நீண்டு போச்சாடா?"ன்னு நாலு பேரு பாக்கச் சத்தம் போட்டேன். பெட்ரோல் வெலை மாமான்னான். அது உம்பட பாடுன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க மாமா, நாப்பதே குடுங்க"ன்னான். வாங்கிக்கிட்டுத் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வண்டியத் திருப்பினான். தோப்புக்காரங்க முன்னால நானே நிக்கற மாதிரி இருந்துச்சு, எனக்கு மனசு கேக்கல. பின்னாலயே ஓடிப் போயிப் பத்து ரூபாய அவன் பையில திணிச்சேன். மூச்சு வாங்கினதுல மன்னிப்புக் கேக்க மறந்துபோச்சு.

அதனால ஞாயித்துக்கெழம வாங்க, ஆனாச் சாப்பிடறதுக்கு மட்டும் வாங்க. யோகப்பிரியாகிட்ட ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம், வெலை விசயம் அவ பாத்துக்கட்டும். கவரு மேல எழுதினதால போஸ்ட்மேனும் இதப் படிப்பாரு. படிக்கட்டுமுங்க. அவருக்குத் தோப்பு இருந்தா அவருக்கும் புது ரேட்டுத்தான்.