காருக்கடியில் கம்மல் தேடிய விவரம்

தூத்துக்குடி,
12-8-1974.

நாசரேத், சம்பந்தி அண்ணாச்சி ஜேசுபாதம் அவர்கள் சமுகத்துக்கு, ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் தேவபிரசாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் கிருபாபாயும் மகள் ஜெபசெல்வியும் ஆண்டவர் தயவில் சுகம். அங்கே தாங்களும் மதினியும் மாப்பிள்ளை எஸ்றா தம்பியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். தங்கள் கையெழுத்தைப் பார்த்தால் கோபம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

போன வாரம் இங்கே வந்த தங்கள் தங்கை, ஜெபசெல்வி ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்ததைப் பார்த்ததாகவும், ஸ்பானர் பிடிக்கிற பெண் தங்கள் குடும்பத்துக்குச் சரிப்படாது என்றும், கோயிலில் ரெண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவது ஓலை வாசிப்பதற்குள் உண்மை தெரிந்தாக வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. உண்மை என்னவென்றால், அவள் கம்மலைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கார் என் கார். என் சொந்தக் கையால் நான் கட்டுகிற கார். மகளுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. முதலிலிருந்து சொன்னால் தாங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

துறைமுகத்தில் யாரும் வந்து எடுக்காத சரக்கை ஏலம் விட்டார்கள். பட்டியலில் ‘ஸ்போர்ட்ஸ் கிட், ஒரு பெட்டி’ என்று இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவனுக்கு ஸ்போர்ட்ஸ் கிட் என்றால் என்ன தோன்றும்? ஃபுட்பால், கிரிக்கெட் மட்டை, ரெண்டு ஜோடி ஸ்டம்பு. சபை வாலிபர் சங்கத்துக்கு ஆகும் என்று எடுத்துவிட்டேன். பெட்டி ஒரு குடிசை அளவுக்கு இருந்தது. கோல் போஸ்ட்டும் உள்ளேயே இருக்கும்போல என்று சந்தோஷமாக ரெண்டு மாட்டுவண்டியைச் சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்து உடைத்துப் பார்த்தால், சிவப்பாக, வழவழவென்று, பிளாஸ்டிக்கும் இல்லை தகரமும் இல்லை, என்னவோ ஒன்று. கிருபாபாய் குளிக்கிற தொட்டி என்றாள். பக்கத்து வீட்டு ரோச், தோணி கட்டுகிற ஓடாவி, தட்டிப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரன் வள்ளம் என்று சாதித்தார். கூட இருந்த இங்கிலீஷ் புஸ்தகத்தை ஜெபசெல்விதான் வாசித்து, இது வீட்டிலேயே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக்கொள்கிற ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னாள். வாசித்தது மட்டும்தான். பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் படித்த பெண் வாசிக்காமல் இருந்தால்தான் தப்பு.

பெட்டியில் இருந்தது காரின் மேல்கூடு மட்டும். எஞ்சின், சக்கரம், அடிச்சட்டம் எல்லாம் ஒரு பழைய ஹெரால்டு காரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று புஸ்தகம் சொல்லிவிட்டது. அதற்கு இந்த ஊரைவிட நல்ல ஊர் கிடையாது, அண்ணாச்சி. உப்புக்காற்று தகரத்தை அப்பளமாக்கிவிடும், எஞ்சினை விட்டுவிடும். டாக்டர் பால்துரை வீட்டுக் கொல்லையில் அப்படி ஒரு ஹெரால்டு கோழி அடைகாக்கக் கிடந்தது. தூக்கிக்கொண்டு போனால் புண்ணியமாய்ப் போகும் என்றார். மேல் தகரத்துக்கு ஸ்பானரே தேவைப்படவில்லை, கையாலேயே பிய்த்தோம். பிய்த்தேன் என்று வாசிக்கவும்.

புதுக்கூட்டில் ஸ்டியரிங் போக, பிரேக் கம்பி போக, வயர் போக என்று நாற்பத்தொரு ஓட்டை. அதைச் சட்டத்தின்மேல் தூக்கி வைக்க ஆள்பலம் வேண்டுமே என்று ரோச்சிடம் சொல்லி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் காலைப் பூசை முடித்து வந்து, பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் வைத்து, தோணிக்கு அடைக்கிற மாதிரி நாற்பத்தொன்றையும் அடைத்து, மேலே தேய்த்து மினுக்கியும் வைத்துவிட்டார். "என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டிய?" என்று ரோச்சிடம் கேட்டால், "ஓட்டையோட ஒண்ண என் கையால இறக்கினா கடக்கரையில ஒரு பய மதிப்பானா, மாஸ்டர்?" என்று என்னையே கேட்கிறார். எந்த ஓட்டை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. புஸ்தகத்துப் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் தூசியில் ஜெபசெல்விக்குத் தும்மல் நிற்கவேயில்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததால் வந்த தும்மல்.

போன செவ்வாய்க்கிழமை முதல் ஓட்டம். உப்பளத்து ரோட்டில் விட்டேன் பாருங்கள், உப்பு வாருகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். கப்பல் சங்கு ஊதினால்கூட அந்தச் சத்தம் வராது. எவ்வளவு வேகம் போனேன் என்று கேட்காதீர்கள். நான் கண்ணை மூடியிருந்தேன்.

ஆகையால் தாங்கள் டாக்ஸிக்குச் சொல்ல வேண்டாம். கல்யாணத்தன்று காலை ஒன்பதரைக்கு நாசரேத் கோயில் வாசலில் இந்தச் சிவப்புக் கார் வந்து நிற்கும், என் மகள் அதிலிருந்து பொம்மை மாதிரி இறங்குவாள். ஸ்பானர் என்றால் வெஜிடபிளா அனிமலா என்றுகூடத் தெரியாத பெண் என்பதைத் தாங்கள் நேரிலேயே பார்க்கலாம்.

தங்கள் வீட்டுக்குள் வருகிறவர்களையும் போகிறவர்களையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. மதினிக்கு அன்பு. எஸ்றா தம்பிக்கு ஆசீர்வாதம். தங்கள் தங்கையைக் கேட்டதாகச் சொல்லவும். அவர்களுக்கு நல்ல கண்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத
சா. தேவபிரசாதம்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் ஜெபசெல்வி இதை வாங்கி வாசித்தாள். கோபப்படவில்லை. ரெண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். மண்ணெண்ணெயில் கழுவியும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. "அங்கன வாழப் போறது நான்லாப்பா. நீங்க இப்படி எழுதிட்டா, காலம் பூரா நான் இந்தக் கைய முந்தானைக்குள்ளல்லா வச்சுக்கிட்டு இருக்கணும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணாச்சி. இவ்வளவு நேரம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து எழுதியதெல்லாம் பிள்ளையின் கையை வெட்டுகிற வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகையால் மேலே, ஏலம் எடுத்ததும் கண்ணை மூடியிருந்ததும் மட்டும் நான். மற்றபடி ‘நான்’ என்று வருகிற இடமெல்லாம் ‘மகள்’ என்று திருத்தி வாசிக்கவும். காது குத்திய நாளிலிருந்து அவள் கம்மல் தொலைந்ததே கிடையாது. லைசென்ஸ் அவளிடம்தான் இருக்கிறது. எனக்கு ரெண்டு தடவை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். கார் ஒன்பதரைக்கு வரும், அதில் மாற்றமில்லை. ஓட்டி வருவது பெண். அதில் சீட்டு ரெண்டே ரெண்டுதான். வரும்போது பக்கத்துச் சீட்டில் நான் இருப்பேன். திரும்பும்போது அங்கே எஸ்றா தம்பி உட்காருவார் என்று நம்புகிறேன். அவருக்குச் சரிப்படாது என்றால் மூன்றாவது ஓலையை நிறுத்திவிடுங்கள். நாங்கள் வருத்தப்பட மாட்டோம். அந்தச் சீட்டில் நானே உட்கார்ந்து ஊர் சுற்றுவேன். இந்தத் தடவை கண்ணை மூட மாட்டேன்.