இரண்டாம் முறை மறைந்த விளக்கு

“ஒரு ஃபுல்லு, ஒரு ஹாஃபு. அல்லே சேச்சி?”

குமுளி பஸ்ஸில் மலையாளக் கண்டக்டர் ஒருமுறை இன்பமேரியிடம் இப்படிக் கேட்டான்.

“நான் ஒருத்திதான்” என்றாள்.

அவன் அவளுக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஒரு டிக்கெட் மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்தான். அன்று பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஆனாலும் அவள் இறங்கும்வரை அந்தப் பக்கத்து இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. பை வைக்க வசதியாகப் போயிற்று என்று அவள் அதை அன்றே மறந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு வேறு கவலை. எதிர்மலை விளக்கு இரண்டு தடவை மறைகிறது.

ஏலத்தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சூசையப்பனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறும் வாசித்து, தடை இருப்பதாக யாரும் சொல்லாவிட்டால் தாலி. அவளுக்கு வயது முப்பது தாண்டியும் ஒருவரும் எட்டிப்பார்க்காத வீட்டுக்குத் தானாக நடந்து வந்து பெண் கேட்ட மனிதர். அவரை இழக்க அவளுக்கு மனமில்லை.

மாலையில் செபமாலை முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து ஸ்டோர் விளக்கைப் பார்ப்பாள். சூசையப்பன் விறகெடுக்கக் குறுக்கே போகும்போது விளக்கு ஒரு கணம் மறைந்து தெரியும். அவளுக்கு வெட்கமாக இருக்கும். கொஞ்ச நாளாக, அவர் போன பிறகு இன்னொரு தடவை மறைகிறது. சின்னதாக. யாரோ ஒரு சிறு கையால் பொத்தி எடுத்ததுபோல.

இதைப் பக்கத்து வீட்டு நிமியிடம் சொன்னதுதான் தப்பு. நிமி தூக்கத்தில்கூட வாய் மூடாதவள்.

“அக்கா, இதே மாதிரிதான் போன்ல ஒரு செய்தி வந்துச்சு. சூரியனுக்கு ரொம்பத் தூரத்துல ஒரு குறுங்கோள் இருக்காம். அதச் சுத்திப் புதுசா ஒரு குட்டி நிலாவைக் கண்டுபிடிச்சிருக்காக.”

“அதுக்கும் இதுக்கும் என்னடி?”

“கேளுக்கா. அந்த நிலாவை யாரும் கண்ணால பாக்கல. பின்னாடி ஒரு நட்சத்திரம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சாம். குறுங்கோள் குறுக்க போனப்ப ஒருக்கா மறைஞ்சுச்சு. அது சரி. இன்னொருக்காவும் மறைஞ்சுச்சாம். அப்ப, கூடவே ஒண்ணு சுத்துதுன்னுதான அர்த்தம்?”

“அப்ப அவுகளச் சுத்தி...”

“சின்னதா ஒண்ணு சுத்துது. அண்ணன் பிள்ளைய மறைச்சு வச்சிருக்காருக்கா!”

நிமி தன் வாசலில் நின்று பார்த்தாள். விளக்கு ஒரு தடவைதான் மறைந்தது. இன்பமேரியின் படிக்கு வந்து பார்த்தாள். இரண்டு தடவை மறைந்தது.

“என் வாசல்ல கொய்யா மரம் மறைக்குது” என்று காரணமும் அவளே சொன்னாள்.

கேட்டுவிடுவதே நல்லது என்று இன்பமேரி சூசையப்பனுக்குப் போன் போட்டாள்.

“அங்க உங்ககூட வேற யாரும் இருக்காகளா?”



“எங்கூட யாரும் இல்ல மேரி. உங்கூட யாராச்சும் இருந்தாலும் எனக்கு வருத்தமில்ல.”

“பாத்தியா, பழிய உம்மேலயே திருப்புறாரு!” என்றாள் நிமி.

அடுத்து நிமியின் யோசனைப்படி ஒரு பாக்கெட் பால் பிஸ்கட் ஸ்டோருக்குப் போனது. பிள்ளை இருந்தால் பிரித்துத் தின்னும், குட்டு உடைந்துவிடும் என்பது கணக்கு.

மறுநாள் பிஸ்கட் பிரிக்காமல் திரும்பி வந்தது. கூடவே செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜோடிக் குட்டிச் செருப்பு. அழுத்தினால் ‘கீச்’ என்று கத்துகிற வகை. இன்பமேரி அதை வாசற்படிக்குக் கீழே வைத்தாள்.

“செருப்பை முன்னால அனுப்பியாச்சு. பிள்ள பின்னால வரும். நீ வளக்கணும்!” நிமி தலையில் கை வைத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தலையில் கை வைத்துக்கொண்டது.

சனிக்கிழமை கோயில் உபதேசியார் ஏசுரத்தினம் வந்து நின்றார்.

“தடை இருந்தா ஓலைக்கு முன்னாடியே சொல்லிரணும் மகளே. தாலி கட்டுற அன்னைக்குப் பிள்ள வந்து ‘அப்பா’ன்னுச்சுன்னா பங்குச் சாமியார் என்னத்தான் ஏசுவாரு.”

“வேணாங்க உபதேசியாரே. பிள்ள இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்.”

“அத நாளைக்கு நெனச்சுக்கலாம். இன்னைக்கு நான் பாத்துட்டு வந்துர்றேன்.”

இருட்டத் தொடங்கியபோது அவர் எதிர்மலை ஏறியிருந்தார். இன்பமேரி தன் வீட்டு வாசல் பல்பைப் போட்டுப் படியில் உட்கார்ந்தாள். நிமி ஸ்பீக்கரைப் போட்டு போனை நீட்டிப் பிடித்தாள்.

“கட்டிலுக்கடியில பாத்தாச்சு” என்றது உபதேசியாரின் குரல். “மூட்டைக்கு நடுவுல கைய விட்டேன். கடிச்சிருச்சு.”

“பிள்ளையா?”

“பூனை.”

“அப்ப பூனைதான் நிலாவா?” என்றாள் நிமி.

“இப்ப அது எம்மடியில கெடக்கு. சூசை கட்டில்ல உக்காந்திருக்கான். விளக்குக்குக் குறுக்க ஒரு ஈ கூடப் போகல. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தார்கள். பள்ளத்தில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே விளக்கு அசையாமல் நின்றது.

மறைந்தது. தெரிந்தது.

“மறைஞ்சுச்சு!” நிமி கத்தினாள். “இப்ப யாரு போனது?”

“யாரும் போகலையே. இங்க நின்னு எரியுதே தாயி.”

“இந்தா, திரும்பவும்!”

“நான் விளக்குப் பக்கத்துலதான் இருக்கேன். இங்க மறையல.”

உபதேசியார் எழுந்து நடப்பது போனில் கேட்டது. காலடிச் சத்தம் ஸ்டோர் முற்றம்வரை வந்து நின்றது. மறுபடி பேசியபோது குரல் தணிந்திருந்தது.

“மேரி, உன் வாசல் பல்பு வெளிச்சத்துல இங்கேருந்து எல்லாம் தெரியுது. நிமி நிக்கிறா. நீ உக்காந்திருக்க. உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி, இங்கிட்டும் அங்கிட்டும் நடக்குதே, அந்தப் பிள்ள யாரும்மா?”

அவருக்குப் பின்னாலிருந்து சூசையப்பன் குரல், கொஞ்சம் கோபமாகவே கேட்டது.

“அதக் கேக்காதீகன்னு சொன்னேன்ல. ரெண்டு பேரையும் பாத்துத்தான உபதேசியாரே நான் பொண்ணு கேட்டேன்.”

படிக்குக் கீழே குட்டிச் செருப்பு ‘கீச்’ என்றது.

இன்பமேரி படியில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

நிமி போனை மெல்லக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.