எட்டுக்கண்ணரின் தீப்பெட்டி

தூத்துக்குடித் துறைமுகம் எத்தனையோ உருப்படாதவர்களைக் கரை இறக்கியிருக்கிறது. ஆனால் எங்கள் எட்டுக்கண்ணரைப் போல் ஒரு முழு வீணரை அதற்கு முன்னும் இறக்கியதில்லை, பின்னும் இறக்கவில்லை.

யுத்த காலம். கடற்கரை ரோட்டு மெஸ்ஸில் எனக்கு அடுத்த கட்டில் அவருக்கு. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட் உத்தியோகம். மிச்ச நேரமெல்லாம் எட்டுக்கண் சிலந்தி; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். எந்தச் சிலந்திக்கு எது பங்காளி, எது வெறும் ஜாடை மட்டும் என்று உடம்பைப் பார்த்தே கண்டுபிடிக்கப் போகிறாராம். ஊரார் அரிசிக்கு வரிசையில் நிற்க, இவர் பூதக்கண்ணாடியோடு உத்தரத்தைப் பார்த்து நிற்பார்.

"வலையைப் பாத்து ஏமாறப்படாது வே. வேற வேற வம்சமும் ஒரே மாதிரி வலை பின்னும். கண்ணு எப்படி வரிசையா இருக்கு, பல்லு எந்தப் பக்கம் மடங்குது, அதப் பாக்கணும்" என்பார், நான் ரசத்தில் கை வைத்த நேரமாகப் பார்த்து.

"கண்ணு எட்டு இருந்தா எனக்கென்ன, எட்டாயிரம் இருந்தா எனக்கென்ன? சோத்தத் திங்க விடும்" என்பேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க மெஸ் நடத்திய அண்ணாச்சி ஒட்டடைக் கம்பைத் தூக்கினார். எட்டுக்கண்ணர் கட்டில்மேல் ஏறிக் கைகளை விரித்து மறித்தார். "அங்கன பேறுகாலம் நடக்கு அண்ணாச்சி!" அந்த மூலை கறுப்பாகவே கிடந்தது.

அவர் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு கடற்கரைச் சிலந்தி. என்றோ நடந்த முத்துக்குளிப்பில் கொட்டிய சிப்பிக் குவியலில் ஓடித் திரிவது. கண் வரிசையைப் பார்த்து, அது ஓநாய்ச் சிலந்தி என்ற வம்சத்துக்குப் பங்காளி என்று எல்லோரிடமும் சாதித்துவிட்டார். நிரூபிக்க ஆண் சிலந்தி வேண்டும். அதன் வாயருகே இரண்டு குட்டிக் கைகள். அவற்றில் ஒரு முள் இருந்தால் வேறு வம்சமாம். அகப்பட்டதெல்லாம் பெண். வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் குவியலைக் கிளறினார்.

முத்துச் சிப்பியை ஒருவர் பூதக்கண்ணாடியோடு கிளறினால் எங்கள் ஊர் என்ன நினைக்கும்? அண்ணாச்சியும் அதையேதான் நினைத்தார்.

ஒரு ஞாயிறு எட்டுக்கண்ணர் தீப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஓடி வந்தார். "ஆம்பள! ஆம்பள கெடச்சிட்டான்!" என்று கத்திவிட்டு, அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஊசி எடுக்க உள்ளே போனார். அண்ணாச்சி நைசாகப் பெட்டியைத் திறந்தார். முத்து வரவில்லை. வந்தது அவர் கைமேல் ஏறியது.

"ஆத்தாடி!" என்று உதறினார். உதறியதோடு விட்டாரா, மிதித்தும் தொலைத்தார்.

திரும்பி வந்தவர் தரையைப் பார்த்தார். நான் முதல் முறையாக அவருக்காகப் பயந்தேன். அழுவார், இல்லை அண்ணாச்சியை அடிப்பார் என்று நினைத்தேன். மனிதர் அப்படியே குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடி வழியே பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குட்டிக் கை மட்டும் நசுங்காமத் தப்பிச்சிருக்கு அண்ணாச்சி! முள்ளு இருக்கு! இது ஓநாய் வம்சமே இல்ல. இத்தன வருசமா நான் சொன்னது பூராத் தப்பு வே!"

தன் தப்பைக் கொண்டாட, சர்க்கரை கிடைக்காத அந்தக் காலத்தில் மெஸ் முழுக்க முந்திரி மக்ரூன் மிட்டாய் வாங்கிக் கொடுத்த மடையர் அவர் ஒருவர்தான். அண்ணாச்சிக்கு இரண்டு பங்கு.

இன்றும் வீட்டில் ஒட்டடை அடிக்கும் முன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிலந்தியின் கண்களை எண்ணிப் பார்க்கிறேன். ஒருநாளும் சரியாக வந்ததில்லை. திட்டுவதற்குப் பக்கத்துக் கட்டிலில் அந்த மனிதர் இல்லாதது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.