குளத்துக்குச் சில்லா

ஷராஃபத் அம்மாள் காரை விட்டு இறங்குவதற்குள் தாஷ்கண்டின் அந்தத் தெருவே திரண்டுவிட்டது. பாசி பிடித்த நீச்சல் குளத்தை ஊதியே தெளிய வைப்பவளாம்! எதிர்வீட்டுப் பல் மருத்துவர்கூடத் தன் குளத்துத் தண்ணீரை வாளியில் மொண்டுகொண்டு வந்து நின்றார். படிப்பைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டார் போலும்.

அவளை வரவழைத்த ஹோஸியத்தின் வீட்டுக் குளத்துக்கு இந்த வசந்தத்தில்தான் புது டைல்ஸ் ஒட்டினார்கள். பழைய குழாயைக் கழுவவில்லை, இடுக்குகளைச் சுரண்டவில்லை. பிறகு பாசி வராமல் ரோஜாவா பூக்கும்?

ஷராஃபத் குனிந்து தண்ணீரை முகர்ந்தாள். "கண்ணேறு. புது மருமவ கண்ணு."

ஹோஸியத்தின் மருமகள் ஸர்வினாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கொளத்துக்குச் சில்லா கட்டுங்க. நாப்பது நாளைக்குத் தேய்க்கக் கூடாது, பம்பு ஓட்டக் கூடாது, குளோரின் ஆகாது. நான் ஊதித் தர்ற நீல உப்பு மட்டுந்தான். அதுக்கும் அடங்கலேன்னா இவள அப்பன் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

பச்சைக் குழந்தைக்கும் புதுப்பெண்ணுக்கும் கண் படாமல் காக்கிற நாற்பது நாள் சில்லாவைக் குளத்துக்கும் காத்தார்கள். உப்பு போட்டால் தெளியும். தேய்க்காத குளம் அடுத்த வாரமே பச்சை கட்டும். மறுபடி ஷராஃபத், மறுபடி காணிக்கை. எப்பேர்ப்பட்ட வைத்தியம்! நோயையும் அவளே வளர்த்தாள்.

கடைசியில் ஹோஸியத் மருமகளின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். ஸர்வினாஸின் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸர்வினாஸுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அந்த நீல உப்பை அவளுக்குத் தெரியும். அவள் அப்பா திராட்சைக் கொடிக்குத் தெளிக்கிற மயில்துத்தம்! பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு, அப்பன் வீட்டுக்குப் போகாமல் நேரே சந்தைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள்.

அடுத்த முறை ஷராஃபத் வந்தபோது, முற்றத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிய இரண்டு கண்ணாடிச் சாடிகளில் குளத்துத் தண்ணீர் இருந்தது.

"அம்மா, இதுல உப்பு போடாம ஊதுங்க. அதுல நான் சந்தை உப்பப் போட்டு, என் பொல்லாத கண்ணால முறைக்கிறேன்."

"என்னயே சோதிக்கிறியாடி?"

"ஊதுறதுக்குத்தானே காசு வாங்குறீங்க?"

"ஊதுங்கம்மா, இவ வாய் அடையட்டும்!" என்றார் பல் மருத்துவர்.

ஷராஃபத் கன்னம் புடைக்க, எச்சில் தெறிக்க ஊதினாள். ஸர்வினாஸ் கண் வலிக்க முறைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம் கூடியது. ஊதிய சாடி பச்சைப்பசேல்; குளமும் அதே பச்சை. முறைத்த சாடியில் பாசி செத்து அடியில் படிந்து, தண்ணீர் தெளிந்திருந்தது.

ஷராஃபத் அசரவில்லை. "என் மூச்சு இந்தச் சாடிலேர்ந்து அதுக்குத் தாவிடுச்சு!"

பல் மருத்துவர் "ஆமாமா, இருக்கும்" என்று தலையாட்டினார்!

"பக்கத்துச் சாடிக்குத் தாவுற மூச்சு, நாலடி தள்ளி இருக்கிற கொளத்துக்குத் தாவலயா?" என்றாள் ஸர்வினாஸ்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு முற்றமே சிரித்தது. ஷராஃபத் அம்மாள் கார்க் கதவைச் சாத்தக்கூட நேரமில்லாமல் பறந்தாள்.

ஹோஸியத் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள். "எம்மேல கோவமாடி?"

"கோவந்தான் அத்தை. நெறைய. மொதல்ல தண்ணிய எறச்சுட்டு இடுக்கெல்லாம் தேய்ப்போம். அப்புறமாச் சண்டை போடலாம்."

குளம் சுத்தமாகிவிட்டது; பம்பு ஓடுகிறது. ஷராஃபத் இப்போது அடுத்த தெருவில் ஊதுகிறாள், அங்கேயும் வரிசை நிற்கிறது. தேங்கிய தண்ணீருக்குப் பம்பு வாங்கத் தெரிந்த மகாஜனங்களே, தேங்கிய புத்தியையும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்களேன். அதற்குக் கரண்டுகூடச் செலவாகாது!