ஈரக் கழிவு போக நானூறு அடி

தேயிலை விலை பாதாளத்துக்குப் போன வருஷம், நெல்லியாளத்துக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் மலைத் தொழிலாளர் உடலியக்க ஆய்வுக் குழு ஜீப்பில் வந்து இறங்கியது. மக்கள் போதிய அளவு நடக்கிறார்களா என்று கண்டறிவது அதன் மேலான நோக்கம்.

கருப்பம்மாவின் நோக்கம் அவ்வளவு மேலானதல்ல, முழங்கால் உயரம்தான். முப்பது வருஷம் கொழுந்துச் சாக்கோடு சரிவில் ஏறிய முழங்கால். ஃபேக்டரியில் உட்கார்ந்து தேயிலையில் காம்பு பொறுக்கும் வேலை கேட்டு மூன்று மனு போட்டிருந்தாள். "ஆய்வு முடிவு வரட்டும்" என்றார் மேனேஜர் துரை. ஆகவே முதல் ஆளாக இடுப்பில் அடி எண்ணும் கருவியைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் எடைக் கொட்டகையில் ஆய்வாளர் தீபக் அந்தக் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"முப்பதாயிரமா! இருக்க முடியாதே."

"இருக்காதுங்க டாக்டரே" என்றார் கணக்கப்பிள்ளை மயில்சாமி. கொழுந்தை எடை போட்டு, ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்து எழுதுகிறவர். எந்த எண்ணிக்கையையும் கழிக்காமல் எழுதிப் பழக்கமில்லை. "இன்னைக்கு மழைங்களே. ஈரக் கழிவு போகணுமுங்க."

"அடிக்கு ஏதுங்கய்யா ஈரம்?" என்றாள் கருப்பம்மா.

"வழுக்குமல்ல? வழுக்குன அடி ஒரு அடியா? ஏனுங்க டாக்டரே, நீங்களே சொல்லுங்க."

தீபக்குக்கு அது அறிவியல்பூர்வமாகப் பட்டது. ஈரத்துக்குக் கொஞ்சம் போனது. சாக்குக்குக் கொஞ்சம் போனது. மிச்சத்தில் பெரும்பகுதி வேலைக்காக நடந்தது. படிவம் கேட்டதோ ஓய்வு நேர உடற்பயிற்சி; ஆகவே அதுவும் போனது. கடைசியில் தேறியது நானூறு அடி. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்து தண்ணிக் குழாய்க்குப் போய் வந்தது.

'போதிய உடலியக்கம் அற்றவர்' என்று எழுதினார் தீபக். "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா."

"கால் வலிக்குதுங்கய்யா."

"நடக்காததால்தான் வலிக்குது."

மறுமாதம் விலை இன்னும் விழுந்தது. வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை என்று எஸ்டேட் அறிவித்தது. மற்ற ஐந்து நாளும் லயத்துச் சனம் கூலி வேலை தேடிப் பந்தலூர் வரை நடந்தது. கிடைக்காமல் திரும்பி நடந்தது. கருவி இடுப்பிலேயே இருந்தது.

வேலையில்லாத நேரம் ஓய்வு நேரம். வேலை கிடைக்காத நடை உடற்பயிற்சி. முதுகில் சாக்கும் இல்லை. கழிக்க ஒன்றுமே இல்லை என்று ஆய்வுக் குழு பூரித்துப்போனது.

மாவட்டத்திலேயே ஆரோக்கியமான எஸ்டேட்டுக்கு விழா எடுத்தார்கள். கருப்பம்மாவுக்கு 'நடைச் செம்மல்' கேடயம். எடைக் கொட்டகையைப் பூட்டிவிட்டதால் அவள் பின்னாலேயே வேலை தேடி நடந்த மயில்சாமிக்கு இரண்டாம் பரிசு.

"அப்ப அந்தக் காம்பு பொறுக்குற வேலைங்க, தொரை?" மேடையிலேயே கேட்டாள்.

"முதல் பரிசு வாங்குன காலுக்கு எதுக்கும்மா உட்கார்ந்த வேலை?" துரை சிரித்தார். கூட்டமும் கை தட்டியது.

தூறல் பிடித்திருந்தது. மேடைப் படியில் கேடயத்தை ஊன்றி ஊன்றி இறங்கினாள். பின்னால் மயில்சாமி நொண்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, பாத்து எறங்குங்க" என்றாள். "ஈரமா இருக்கு. வழுக்குனா கணக்குல வராது."